தொலைவு ஏன் வெளிறித் தெரிகிறது? 17ஆம் நூற்றாண்டு நிலக்காட்சி எட்சிங் பற்றிச் சில கேள்விகள்

#1 செம்புக்கோடு

வணக்கம். பேனா மையில் நிலக்காட்சி வரைபவன் நான், அச்சுக்கலை தெரியாது. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் தன் தளத்தில் வைத்திருக்கும் எட்சிங் என்ற செப்புத்தகட்டு அச்சுப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததில் ஒரு கேள்வி மண்டையைக் குடைகிறது.

ரெம்பிராண்டின் ‘மூன்று மரங்கள்’ (1643) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்க மேட்டில் நிற்கும் மூன்று மரங்களும் கன்னங்கரேல் என்றிருக்கின்றன. இடப்பக்கம் சமவெளி நீண்டுகொண்டே போய், அடிவானத்தில் ஒரு நகரம் வெளிறித் தெரிகிறது. தகடு ஒன்று, மை ஒன்று, அச்சில் ஒரே தடவைதான் ஓட்டியிருக்கிறார்கள். பிறகு எப்படி இந்த வேறுபாடு? பேனாவை அழுத்தினால் கோடு தடிக்கும். ஊசியையும் அப்படித்தான் அழுத்துவார்களா?

#2 உருளையச்சு

அழுத்துவதில்லை தம்பி. பேனா பழகியவர்கள் எல்லோரும் முதலில் இடறும் இடம் இது.

எட்சிங்கில் ஊசி செம்பை வெட்டுவதில்லை. மெழுகு, பிசின், நிலக்கீல் சேர்த்து உருக்கிய பூச்சு ஒன்று தகட்டின்மேல் மெல்லியதாகப் படிந்திருக்கும். கீறுவது கண்ணுக்குத் தெரிவதற்காக அதைச் சுடர்ப் புகையில் காட்டிக் கறுப்பாக்குவார்கள். ஊசி அந்தப் பூச்சை மட்டும் விலக்கி, அடியில் கிடக்கும் செம்பைத் திறந்துவிடுகிறது. பள்ளம் பறிப்பது அமிலம். ஆழமாக அரிக்கப்பட்ட கோடு நிறைய மை பிடித்துக் கறுப்பாக விழும். மேலோட்டமாக அரிக்கப்பட்டது சாம்பல் நிறத்தில் விழும். அமிலத்துக்குள் தகடு எத்தனை நேரம் கிடந்தது என்பதே கறுப்பைத் தீர்மானிக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். முழுப்படத்தையும் கீறி முடித்துத் தகட்டை அமிலத்தில் இறக்குகிறோம். கொஞ்ச நேரத்தில் எடுத்துக் கழுவி உலர்த்தி, வானத்தின்மேலும் தொலைவு மலைகளின்மேலும் வார்னிஷ் தடவி அடைத்துவிடுகிறோம். அந்தக் கோடுகளின் கதை அதோடு முடிந்தது. மீண்டும் இறக்கி, நடுத்தளம் தேவையான ஆழம் பெற்றதும் அதையும் அடைக்கிறோம். கடைசிவரை அமிலத்தில் ஊறுவது முன்னால் நிற்கும் மரமும் பாறையும்தான். ஆக, தொலைவில் இருப்பதற்குக் குறைந்த நேரம், அருகில் இருப்பதற்கு நீண்ட நேரம்.

இதைப் பெரிய அளவில் முறைப்படுத்திக் காட்டியவர் லொரேன் நாட்டின் நான்சி நகரைச் சேர்ந்த ழாக் கல்லோ (1592–1635). அவர் காலம்வரை மெழுகு கலந்த மென்பூச்சுதான் பெருவழக்கு. அது எளிதில் உரியும். நீண்ட நேர அரிப்பைத் தாங்காது. யாழ் போன்ற நரம்பிசைக் கருவி செய்கிறவர்கள் மரத்துக்குப் பூசிவந்த கடின வார்னிஷைக் கல்லோ தகட்டுக்குக் கொண்டுவந்தார். பூச்சு பெயராமல் நின்றதால் தகட்டைப் பல தடவை தைரியமாக அமிலத்தில் இறக்க முடிந்தது. எஷோப் என்ற கருவியையும் அவர் கையாண்டார். அதன் நுனி சாய்வாகச் சீவப்பட்டு நீள்வட்டமாக இருக்கும். விரலுக்குள் உருட்டினால் கோடு மெலிந்து தொடங்கி, தடித்து, மறுபடி மெலியும். ஃபிளாரன்சில் இருந்தபோது 1620இல் அவர் செய்த ‘இம்ப்ருனெத்தா சந்தை’யைப் பாருங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் ஒரே தகட்டில். முன்வரிசைக்காரனின் கால்சராய் மடிப்புகூடக் கறுப்பாக நிற்கிறது. பின்னால் போகப் போக மனிதர்கள் மயிரிழைகளாகிவிடுகிறார்கள்.

இந்தத் தொழில்நுட்பத்தையெல்லாம் ஆப்ரஹாம் போஸ் 1645இல் பாரிசில் கையேடாகவே எழுதி வெளியிட்டார். கடின வார்னிஷுக்கு அவர் சொல்லும் அரிப்புநீர், வினிகரில் நவச்சாரமும் உப்பும் செம்புக் களிம்பும் போட்டுக் காய்ச்சியது. தகட்டைத் தொட்டியில் அமிழ்த்தாமல் சாய்வான பலகையில் நிறுத்தி, அந்த நீரைக் குவளையால் மேலிருந்து மறுபடி மறுபடி ஊற்றுகிறார்கள். அது வழிந்து கீழே சேர, எடுத்துத் திரும்ப ஊற்றுகிறார்கள். படத்தோடு விளக்கியிருக்கிறார் மனிதர். எனக்குத் தெரிந்து, இன்று பட்டறையில் சொல்லிக்கொடுப்பதில் பாதி அந்த நூலில் இருக்கிறது.

#3 எதிர்க்கேள்வி

மதிப்புக்குரிய உருளையச்சு ஐயாவின் விளக்கம் சரி. ஆனால் ரெம்பிராண்டைக் கேட்டவருக்குக் கல்லோவைக் காட்டுகிறீர்களே?

‘சிக்ஸ் பாலம்’ (1645) என்ற எட்சிங்கை எடுங்கள். 13 சென்டிமீட்டர் உயரம், 22 சென்டிமீட்டர் அகலம். ஒரு மரப்பாலம், அதன் கைப்பிடிக் கட்டைமேல் சாய்ந்து இரண்டு பேர், பக்கத்தில் இரண்டு மரங்கள், ஒரு பாய்மரம், எட்டத்தில் ஒரு கோபுரம். எல்லாக் கோடும் ஏறத்தாழ ஒரே தடிமன்! அமிலத்தில் ஒரே முறைதான் இறக்கியிருக்க வேண்டும். அடைப்பும் இல்லை, மறு அரிப்பும் இல்லை. அப்படியும் தொலைவு தொலைவாகத்தான் தெரிகிறது. பாலத்தருகே கோடுகள் நெருங்கி நிற்கின்றன, அடிவானத்தில் ஒன்றிரண்டு கிடைக்கோட்டோடு நிறுத்திவிடுகிறார், வானத்தைத் தொடவே இல்லை. வெறுமையாக விட்ட காகிதமே பாதித் தொலைவைச் செய்துவிடுகிறது. ஆகவே நேரம்தான் எல்லாம் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

இந்தப் படத்துக்கு ஒரு கடுகுக் கதையும் உண்டு. ரெம்பிராண்டின் நண்பர் யான் சிக்ஸின் நாட்டுப்புற வீட்டில் சாப்பாட்டு மேசையில் கடுகுச் சாந்து இல்லை. வேலையாள் ஊருக்குள் ஓடினான். அவன் திரும்பி வருவதற்குள் ஒரு தகடு முடிப்பேன் என்று ரெம்பிராண்ட் பந்தயம் கட்டி வென்றாராம். ழெர்சேன் தொகுத்து 1751இல் வெளிவந்த ரெம்பிராண்ட் அச்சோவியப் பட்டியலில் இருக்கிறது இது. ரெம்பிராண்ட் இறந்து எண்பது ஆண்டு கழித்து! எனக்கு நம்பிக்கை இல்லை.

#4 உருளையச்சு

கதை பொய்யாகவே இருக்கட்டும், வேலை நடக்கக்கூடியதுதான். பூச்சுப் பூசிய தகடு தயாராகக் கையில் இருந்தால் அந்த அளவு கோடுகளைக் கீற அதிக நேரம் வேண்டியதில்லை; பூச்சின்மேல் ஊசி வழுக்கிக்கொண்டு ஓடும். அரிப்பும் அச்சும் வீட்டுக்குப் போய்ச் செய்கிற வேலை. செதுக்குளி பிடித்துச் செம்பைத் தோண்டுகிறவனால் இந்தப் பந்தயமே கட்ட முடியாது. ஓவியர்கள் எட்சிங்கை விரும்பியதற்குக் காரணம் இதுதான். பொற்கொல்லரிடம் பல வருடம் பயின்ற கை தேவையில்லை, வரையத் தெரிந்தால் போதும்.

கோட்டின் நெருக்கம் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். டச்சுக்காரர்கள் அதில் கெட்டிக்காரர்கள். ஆனால் ‘மூன்று மரங்கள்’ அப்படிப்பட்ட படம் இல்லை.

#5 கால்வாய்க்கரை

நான் நெதர்லாந்தில் வசிக்கிறேன். ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் அச்சோவியப் பிரிவில் முன்பதிவு செய்தால் படங்களை மேசைமேல் வைத்துப் பார்க்க விடுவார்கள். கணினித் திரையில் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்: நல்ல எட்சிங் தட்டையானது இல்லை. ஈரக் காகிதம் உருளையின் அழுத்தத்தில் கோட்டுப் பள்ளத்துக்குள் இறங்கி மையை வழித்தெடுத்துக்கொண்டு வருகிறது. ஆழமாக அரித்த கோடு காகிதத்தில் மேடாக நிற்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் முன்தள மரங்களின் கறுப்புக்குச் சிறு நிழல்கூட விழுகிறது. தொலைவின் கோடுகளில் அது இல்லை.

எல்லோரும் ரெம்பிராண்டையே சுற்றுகிறீர்கள். ஹெர்க்குலஸ் சேகர்ஸை ஏன் ஒருவரும் பேசவில்லை? 1590ஐ ஒட்டிப் பிறந்தவர். ஆம்ஸ்டர்டாமில் கில்லிஸ் வான் கோனிங்ஸ்லோவிடம் பயின்றவர். இந்த நாட்டில் மலையே கிடையாது. அவரோ ஆளரவமற்ற பாறைப் பள்ளத்தாக்குகளாகச் செய்து தள்ளினார். அவர் செய்தவற்றில் 54 எட்சிங்குகள் தெரியவந்துள்ளன. எஞ்சியிருக்கும் பிரதிகள் எல்லாம் சேர்ந்தும் இருநூறைத் தொடவில்லை; அவற்றின் மிகப் பெரிய தொகுப்பு இங்கேதான் இருக்கிறது.

அவர் என்ன செய்தார் தெரியுமா? எட்சிங் என்றால் வெள்ளைக் காகிதத்தில் கறுப்பு மை என்பதையே மதிக்கவில்லை. காகிதத்துக்கு முதலில் நிறம் பூசினார். சில சமயம் காகிதத்தை விட்டுத் துணியில் அச்சிட்டார். மை நீலமாக இருக்கும், பச்சையாக இருக்கும், இருண்ட தளத்தின்மேல் வெளிர் மஞ்சளாகக்கூட இருக்கும். அச்சான பிறகு மேலே தூரிகையால் வண்ணம் ஏற்றினார். ஓரத்தை வெட்டிப் பள்ளத்தாக்கைக் குறுக்கினார். ஒரே தகட்டின் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்றில் விடியல், மற்றொன்றில் நள்ளிரவு. ரெம்பிராண்டின் மாணவராக இருந்து 1678இல் ஓவியக்கலை பற்றி எழுதிய ஹூக்ஸ்ட்ராட்டன், அவர் ஓவியங்களையே அச்சடித்தார் என்கிற பொருளில் சொல்கிறார். அந்தக் காலத்தில் அவற்றை வாங்க ஆளில்லாமல் வெண்ணெயும் சோப்பும் மடிக்கப் போயின என்றும் அவர்தான் எழுதுகிறார்.

#6 எதிர்க்கேள்வி

வெண்ணெய் மடித்த கதையும் கடுகுக் கதையும் ஒரே சாப்பாட்டு மேசைக்குச் சரியாக இருக்கும். சேகர்ஸ் விசித்திரமானவர், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பிரதியையும் வேறாக்கிவிட்டால் அச்சு எதற்கு? நேராக ஓவியமே வரைந்துவிடலாமே. பல பிரதி எடுப்பதற்காகத்தானே தகடு?

#7 கால்வாய்க்கரை

பல பிரதி எடுப்பது வணிகரின் தேவை. சேகர்ஸுக்குத் தகடு என்பது மாற்றி மாற்றிப் பார்க்கக் கிடைத்த ஒரு நிலையான எலும்புக்கூடு. தவிர, தூரிகையால் கிடைக்காத ஒன்றை அமிலம் அவருக்குக் கொடுத்தது. சில தகடுகளில் சர்க்கரை கலந்த கரைசல் போன்ற ஒன்றால் செம்பின்மேல் நேரடியாக வரைந்து, அதன்மேல் பூச்சுப் பூசி, பிறகு நீரில் ஊறவைத்திருக்கிறார். கரைசல் இளகி மேலே உள்ள பூச்சைத் தூக்கிவிடும். வரைந்த இடம் மட்டும் திறந்துகொள்ள, அமிலம் அங்கே அரிக்கும். அந்தக் கோடு ஊசிக்கோடு மாதிரி இருக்காது. விளிம்பு பிசிறி, நடுவே மணல்மணலாக, காய்ந்த பாறையின் மேற்பரப்பு அப்படியே வந்துவிடுகிறது. ஆங்கிலேயர்கள் இந்த உத்தியைக் கையில் எடுக்க ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆனது.

அவரை மதித்தவர்களில் முதல் ஆள் ரெம்பிராண்டேதான். சேகர்ஸின் எட்டு ஓவியங்கள் அவரிடம் இருந்தன. ‘தோபியாவும் வானதூதரும்’ என்ற செப்புத்தகடும் எப்படியோ அவரிடம் வந்துசேர்ந்தது. 1653ஐ ஒட்டி அதில் தோபியாவையும் வானதூதரையும் சுரண்டித் தேய்த்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் எகிப்துக்குத் தப்பியோடும் திருக்குடும்பத்தை வரைந்தார். நிலக்காட்சியின் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிட்டார். படத்தைப் பெரிதாக்கி வலப்பக்க மரக்கூட்டத்துக்குள் பாருங்கள். இலைகளுக்கு இடையே வானதூதரின் சிறகு இன்னும் இருக்கிறது.

#8 செம்புக்கோடு

பார்த்துவிட்டேன்! முதலில் ஏதோ கிளை என்று நினைத்துக் கடந்துபோயிருந்தேன். இறகின் வரிசை தெளிவாகவே தெரிகிறது. நன்றி.

#9 யாழ்வாசகி

இடைமறிப்பதற்கு மன்னிக்க வேண்டும். 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியான பால்டேயுஸ் பாதிரியாரின் நூலில் யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் ஆகிய ஊர்களின் செப்புத்தகட்டுக் காட்சிகள் இருக்கின்றனவே, அவையும் இதே முறைதானா?

#10 உருளையச்சு

தகட்டை அச்சிடும் முறை ஒன்றுதான் அம்மா. ஆனால் அவை புத்தகத்துக்காகப் பட்டறையில் செய்யப்பட்டவை. கோட்டைச் சுவர் எந்தப் பக்கம், கப்பல் எங்கே நிற்கும் என்று காட்டுவதுதான் நோக்கம். வெளிச்சத்தைப் பற்றி அவற்றுக்கு அவ்வளவாகக் கவலையில்லை. தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து எழுதுகிறேன்.

#11 எதிர்க்கேள்வி

‘மூன்று மரங்கள்’ பற்றி ஐயா பாதியில் விட்டுவிட்டார். நான் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது மேல்மூலையில் சரிவாக இறங்கும் அந்த மழைக்கோடுகள் அளவுகோல் வைத்து இழுத்தவை. நடுக்கமே இல்லை. அவை எட்சிங் கோடுகளாக எனக்குத் தெரியவில்லை. அப்படியானால் எட்சிங்கின் உச்சம் என்று கொண்டாடப்படும் படத்தில் பாதி வேறு கருவியின் வேலையா?

#12 உருளையச்சு

ஆமாம், வேறு கருவிகளும் சேர்ந்த வேலைதான். அதில் என்ன குற்றம் கண்டீர்கள்? அந்தத் தகட்டில் எட்சிங், டிரைபாயிண்ட், செதுக்குளி மூன்றும் இருக்கின்றன. ரெம்பிராண்டின் நிலக்காட்சி எட்சிங்குகளில் அதுதான் மிகப் பெரியது, 213க்கு 279 மில்லிமீட்டர். மென்பூச்சில் ஓடிய ஊசிக்கோடு எப்போதும் சற்று நெளியும், முனை மழுங்கி நிற்கும். புயல் விலகும் வானத்துக்கு அந்த நெளிவு பொருந்தாது. உளியால் இழுத்த கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் கூராக இருக்கும். அதனால்தான் மழை வெட்டிக்கொண்டு இறங்குகிறது. எந்தக் கோட்டுக்கு எந்தக் கருவி என்று தெரிந்த ஆள் அவர்.

அதே படத்தில் மரங்களுக்குக் கீழே வலது ஓரப் புதரை நிதானமாகப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய கறுப்புக்குள் ஒரு காதல் இணை ஒளிந்திருக்கிறது. மேட்டின் உச்சியில் ஒருவன் உட்கார்ந்து எங்கோ பார்த்துப் படம் வரைகிறான். இவ்வளவு பெரிய புயல் காட்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு! இடப்பக்க நீரோரம் தூண்டிலோடு ஒருவர், பக்கத்தில் ஒரு பெண். மனிதர்கள் யாருக்கும் வானத்தைப் பற்றி அக்கறை இல்லை. இந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும்.

டிரைபாயிண்ட் என்றால் என்ன என்று செம்புக்கோடு அடுத்துக் கேட்பார், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பூச்சும் இல்லை, அமிலமும் இல்லை. கூரிய ஊசியால் செம்பையே கீறுவது. (இங்கே அழுத்தம் செல்லுபடியாகும், உங்கள் பேனாப் பழக்கம் உதவும்.) ஏர் ஓடிய சாலின் கரையில் மண் ஒதுங்குவதுபோல் கோட்டின் ஓரத்தில் செம்புப் பிசிர் எழுந்து நிற்கும். அந்தப் பிசிர் மையைத் தேக்கிவைத்துக்கொள்வதால் அச்சில் கோடு மென்மயிராகக் கசிந்து விழும். 1650களின் தொடக்கத்தில் ரெம்பிராண்டின் நிலக்காட்சிகள் இதன் பக்கம் நன்றாகவே சாய்ந்துவிட்டன. ‘பொன் நிறுப்பவரின் வயல்’ (1651) பாருங்கள். ஹார்லெம் நகரமும் சுற்றுப்புறமும் அகலமாக விரிகின்றன. புதர்களும் வயல்வரப்பும் வெல்வெட்டாக இருக்கின்றன. அமிலத்தால் அந்தக் கறுப்பைத் தரவே முடியாது.

அதற்கு விலையும் உண்டு. ஒவ்வொரு முறை மை துடைக்கும்போதும் உருளைக்கடியில் போகும்போதும் பிசிர் நசுங்கும். சில பத்துப் பிரதிகளுக்குள் வெல்வெட் போய்விடும். பிறகு வெறும் கீறல்தான் மிஞ்சும். 1647 வாக்கில் தொடங்கி அவர் ஜப்பானியக் காகிதத்தைத் தேடிப் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். மிருதுவான காகிதம், மையை வாரிக்கொள்ளும், தகட்டை அதிகம் கசக்காது.

#13 கால்வாய்க்கரை

அந்த வயல் படத்தில் இன்னொன்று: ஹார்லெம் இடவலம் மாறியிருக்கிறது. பார்த்ததைப் பார்த்தபடி தகட்டில் வரைந்தால் காகிதத்தில் கண்ணாடிப் பிம்பமாகத்தானே விழும். 1640ஐ ஒட்டிய ‘ஆம்ஸ்டர்டாம் காட்சி’யும் அப்படித்தான். உள்ளூர்க்காரன் கண்ணுக்கு உடனே உறுத்தும். ரெம்பிராண்டுக்கு அதுபற்றிக் கவலையே இருந்ததாகத் தெரியவில்லை.

இதற்கு நேர்மாறானவர் பிராகாவில் பிறந்து லண்டனில் வாழ்ந்த வென்செஸ்லாஸ் ஹாலர். ஏறக்குறைய 2,700 தகடுகள் செய்தவர். 1647இல் வந்த அவருடைய நீண்ட லண்டன் காட்சியில் திசைகள் சரியாக இருக்கும்படி திருப்பி வரைந்தார். அப்படிப்பட்டவரின் படத்திலேயே குளோப் நாடக அரங்கின் பெயரும் கரடிச்சண்டை அரங்கின் பெயரும் ஒன்றுக்கொன்று மாறி விழுந்துவிட்டன. மணல்கடிகாரத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு மணிக்கு நான்கு பென்னி கூலிக்கு வேலை செய்தார், யாராவது பேச வந்தால் கடிகாரத்தைப் படுக்க வைத்துவிடுவார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். சாகும்போது கையில் காசில்லை.

#14 எதிர்க்கேள்வி

ஹாலரின் தொலைவுக்கோடுகளை நானும் மதிக்கிறேன். ஆனால் கிளாட் லொரேன்? ஓவியத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. எட்சிங்கிலோ வானத்தில் புள்ளியும் கறையும். அமிலம் பூச்சுக்குள் கசிந்து அரித்த இடங்களை அப்படியே விட்டுவைத்திருக்கிறார். கல்லோவின் பட்டறையில் இப்படிச் செய்திருந்தால் காதைத் திருகியிருப்பார்கள்.

#15 உருளையச்சு

திருகியிருப்பார்கள்தான். ஆனால் கல்லோவின் வானத்தில் காற்று இல்லை.

கிளாட் மொத்தமாகவே நாற்பதை ஒட்டிய தகடுகள்தான் செய்தார், பெரும்பாலானவை 1630களில். அவருக்கு வேண்டியது கோடு இல்லை, வெளிச்சத்தின் படிநிலை. ‘மாட்டுக்காரன்’ (1636) என்ற படத்தில் மர இலைகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். தனி இலையே கிடையாது. சின்னச் சின்னச் சுருட்டல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கறுப்பு மிகுந்துபோன இடத்தில் மெருகுக்கோலால் செம்பைத் தேய்த்து மழுங்கடித்திருக்கிறார். தேய்த்த கோடு மையைக் கொஞ்சமாகவே பிடிக்கும். ஆகவே அடர்ந்த நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே மூன்று நான்கு சாம்பல்கள் கிடைத்துவிடுகின்றன. நீங்கள் கறை என்று சொல்வது அந்தச் சாம்பலோடு கலந்து மாலைப்புழுதி ஆகிவிடுகிறது. எல்லாத் தகட்டிலும் இது கைகூடியது என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் வெறும் கறைதான்.

#16 மழைவாசி

நீண்ட நாள் வாசகன், முதல் பதிவு. இணையத்தில் ஒருவர் ரெம்பிராண்டின் அசல் தகட்டில் அச்சான நிலக்காட்சி என்று விற்கிறார். விலை ஒரு நல்ல கைப்பேசியின் விலைதான். வாங்கலாமா?

#17 கால்வாய்க்கரை

அசல் தகடு என்பதும் அவர் காலத்து அச்சு என்பதும் வேறு வேறு. ரெம்பிராண்டின் தகடுகளில் ஏறக்குறைய எண்பது இன்றும் பிழைத்திருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் பாரிசில் வாத்தெலே, பிறகு பாசான் என்று கைமாறி, 20ஆம் நூற்றாண்டுவரை அவற்றிலிருந்து பிரதி எடுத்துக்கொண்டே இருந்தார்கள். தேய்ந்த கோடுகளின்மேல் வேறு கைகள் மறுபடி கீறியதும் உண்டு. காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். காலத்தைக் கணிக்க அது பெரிய உதவி. தகட்டின் விளிம்பு காகிதத்தில் அழுந்திய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் ஓரம் தட்டையாக இருந்தால் புகைப்பட நகலாக இருக்கலாம். விற்பவர் மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

சுவரில் ஒரு 17ஆம் நூற்றாண்டு நிலக்காட்சி வேண்டும், அவ்வளவுதான் என்றால் அந்தோனி வாட்டர்லோவைத் தேடுங்கள். காடும் நீர்மில்லுமாக நூற்றுக்கும் மேற்பட்ட எட்சிங்குகள் செய்தவர். பிற்கால அச்சுகள் எளிதாகக் கிடைக்கும். பெரிய பெயர் இல்லாததால் ஏமாற்றும் குறைவு.

#18 செம்புக்கோடு

நண்பர் ஒருவரின் பட்டறையில் சிறிய செப்புத்தகடு ஒன்றில் முயன்றேன். ஃபெரிக் குளோரைடுதான் வைத்திருக்கிறார்கள். தொலைவு மலைகளை அடைத்தது அழகாக வேலை செய்தது, ஐயாவுக்கு நன்றி. ஆனால் முன்தளப் பாறையில் நெருக்கமாகக் குறுக்குக்கோடு போட்ட இடம் கறுப்பாக விழவேண்டியதற்குப் பதிலாக மங்கிய சாம்பல் திட்டாக விழுகிறது. ஓரம் மட்டும் கறுப்பு. இன்னும் அதிக நேரம் விட வேண்டுமா?

#19 உருளையச்சு

வேண்டாம், இன்னும் மோசமாகும். அமிலம் கீழ்நோக்கி மட்டும் போவதில்லை, பூச்சுக்கு அடியில் பக்கவாட்டிலும் தின்னும். கோடுகள் அளவுக்கு மீறி நெருங்கினால் நடுவில் இருக்கும் செம்புச் சுவர்கள் கரைந்து விழுந்து, அந்த இடம் முழுவதும் ஒரே தட்டைப் பள்ளமாகிவிடும். மை நிற்கக் கரை வேண்டும். கரை இல்லாத பள்ளத்தில் துடைக்கும்போதே மை வழிந்துவிடும். ஓரத்தில் மட்டும் தங்கும்.

அந்தத் தகட்டைக் காப்பாற்றலாம். பள்ளத்துக்குள்ளேயே டிரைபாயிண்ட் ஊசியால் கோடு போடுங்கள், கறுப்பு திரும்பிவரும். அடுத்த தகட்டில் ஒரு திசைக் கோடுகளை மட்டும் முதலில் கீறி அரித்துவிடுங்கள். தகட்டைச் சுத்தம் செய்து மீண்டும் பூச்சுப் பூசி, குறுக்குத் திசையைத் தனியாகக் கீறி அரியுங்கள். இரண்டாம் பூச்சு பழைய கோட்டுப் பள்ளங்களுக்குள்ளும் இறங்கியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் அவை மறுபடி அரிக்கத் தொடங்கும்.

ஃபெரிக் குளோரைடு என்பதால் இன்னொன்று. அரிக்கும்போது உண்டாகும் கசடு கோட்டுக்குள்ளேயே படிந்து வேலையை நிறுத்திவிடும். தகட்டை முகம் கவிழ்த்து, மூலைகளில் முட்டுக்கொடுத்து வையுங்கள், அல்லது செங்குத்தாக நிறுத்துங்கள். கையுறை போடுங்கள். வேலை முடிந்ததும் அந்தக் கரைசலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம்; அதில் கரைந்திருப்பது செம்பு.

#20 செம்புக்கோடு

நான் தகட்டை முகம் மேலே பார்க்கத்தான் வைத்திருந்தேன். சனிக்கிழமை பட்டறை திறப்பார்கள். இரண்டு தடவையாகப் பிரித்து அரித்துப் பார்த்துவிட்டுச் சோதனைப் பிரதியை இங்கே ஏற்றுகிறேன். இரண்டாம் பூச்சையும் புகை காட்டிக் கறுப்பாக்க வேண்டுமா ஐயா?

#21 உருளையச்சு

வேண்டாம். கறுப்பாக்கினால் முதலில் அரித்த கோடுகள் கண்ணுக்குத் தெரியாமல் போகும், குறுக்குக்கோட்டை எங்கே நிறுத்துவது என்று தடுமாறுவீர்கள். பூச்சை நிறமில்லாமல் மெல்லியதாகப் பூசி, விளக்கைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு கீறுங்கள்.